ஏலக்காரியின் இடப்பக்க வால்வு

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. கடல் பக்கம் காற்று ஒரு துளி இல்லை.

புது நோட்டு, நாற்பது பக்கம். டாக்டரம்மா எழுதச் சொன்னதால் வாங்கியது. "தினமும் எடை பாருங்க. எத்தனை படி ஏறினா மூச்சு வாங்குது, ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறீங்க, மாத்திரை போட்டீங்களா, எல்லாத்தையும் எழுதுங்க. மனசுல இருக்கிறத எழுதினாலும் சரி. நான் முதல் நாலு மட்டும்தான் கேப்பேன்."

அப்படியே ஆகட்டும்.

எடை 57. (காசிமேட்டில் மீன் நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தது. தட்டைக் கழுவிவிட்டுத்தான்.)
படி 17-இல் நின்றேன்.
தலையணை 3.
மாத்திரை: நீர் போவதற்கு ஒன்று, நாடித்துடிப்பைக் குறைக்க ஒன்று.

மனசில் இருப்பது: பதினெட்டு வருடமாக மீன் ஏலம் கூறுகிறேன். பொங்கல் கழிந்து இரண்டாவது வாரத்தில் குரல் கம்மியது. சளி என்று நினைத்தேன். பனங்கற்கண்டு, மிளகு, தேன், சித்தரத்தை. தெருமுனை கிளினிக்கில் அலர்ஜி மாத்திரை. இரண்டு மாதம் போயும் வாயைத் திறந்தால் கிழிந்த டயரிலிருந்து காற்றுப் போகிற சத்தம்தான்.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். தொண்டையில் குரலுக்கென்று இரண்டு நாண்கள் இருக்கின்றனவாம். பேசும்போது இரண்டும் நடுவில் வந்து சேர வேண்டும். எனக்கு வலது நாண் வருகிறது, இடது நாண் செத்த மாதிரி கிடக்கிறது. கட்டி இருக்குமோ என்று நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கட்டி இல்லை. இதயம்தான் பெரிதாக இருந்தது. தொண்டைக்குப் போனவளை இதய வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குமாரி (என் ஏலத்தில் மீன் எடுத்துப் போய் ராயபுரத்தில் விற்கிறவள், இருபது வருட சிநேகிதி) கேட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னாமே, தொண்டைக்குப் போயிட்டு நெஞ்சுக்கு மாத்திரை வாங்கிகினு வந்துகீற. அவுங்க ஒயுங்கா பாத்தாங்களா?"

எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

ஏப்ரல் 8

எடை 57. படி 16. தலையணை 3.

விடியற்காலை துறைமுகம். எட்டியப்பனுடைய லாஞ்சு ஒன்று சங்கராவும் கானாங்கெளுத்தியும் கொண்டுவந்தது. அவருக்கு லாஞ்சு (விசைப்படகு) மூன்று. மூன்றின் மீனையும் நான்தான் ஏலம் விடுவது. மீனைக் குவியல் குவியலாகப் பிரித்துக் கூறு கட்டியாகிவிட்டது. வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். ஆரம்பித்தேன். இரண்டு கூறு வரை ஓடியது. மூன்றாவதில் குரல் சுத்தமாக நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பின்னால் நின்றவன் ஒருவன், "யக்கா, சவுண்டு வை" என்றான். சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் சிரித்தார்கள்.

மிச்சத்தைத் தாஸ் முடித்துக் கொடுத்தான். பக்கத்துப் படகுத்துறையில் ஏலம் விடுகிறவன், முப்பது வயது இருக்கும். தோளில் சின்ன ஸ்பீக்கர், வாய்க்குப் பக்கத்தில் மைக். சத்தம் தகர டப்பாவில் கல் போட்ட மாதிரி. ஆனால் கேட்கிறது.

முடிந்ததும் என்னிடம் வந்தான். "யக்கா, உன் எடத்த நான் புடுங்கல. காலியா கெடந்துச்சு, நின்னேன். அவ்ளோதான்."

அவன்மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் பேஜார்.

ஏப்ரல் 11, வெள்ளி

எடை 56.5. படி 18. நீர் மாத்திரை வேலை செய்கிறது. நாள் முழுக்க ஓட்டம்.

இன்றைக்கு மறுபடி எக்கோ. நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கையடக்கக் கருவி ஒன்றை அழுத்தி, திரையில் பார்ப்பது. முதல்முறையாக என் இதயத்தை நானே பார்த்தேன். கறுப்பும் சாம்பலுமாக நான்கு அறை. மேலே இரண்டு, கீழே இரண்டு. நடுவில் வெள்ளைக் கோடாக ஏதோ துடித்துக்கொண்டே இருந்தது. வலையில் விழுந்த மீனின் வால் மாதிரி. அதுதான் வால்வு என்றார் டாக்டரம்மா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என் வயது இருக்கும். அவசரப்படாத குரல். என் கோப்பின் பின்பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டினார். மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்.

உடம்பெல்லாம் சுற்றி வந்த ரத்தம் வலப்பக்க அறைகளுக்கு வருகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்க் காற்றை வாங்குகிறது. வாங்கிக்கொண்டு இடது மேல் அறைக்குத் திரும்புகிறது. அங்கே ஒரு வால்வு, அதாவது ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவு. கதவு திறந்தால் ரத்தம் இடது கீழ் அறையில் இறங்கும். அந்த அறைதான் தலையிலிருந்து கால் நகம் வரை ரத்தத்தைத் தள்ளி அனுப்புவது. உள்ளதிலேயே பலசாலி அறை.

என் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. இரண்டு இதழும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. நாலைந்து சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டியது, எனக்கு 0.8. சட்டைப் பொத்தான் துளை மாதிரி.

"சின்ன வயசுல தொண்டை வலிச்சு, அப்புறம் மூட்டு மூட்டா வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

வந்தது. ஒன்பது வயதில். ஒரு முட்டி சரியானால் அடுத்த முட்டி. ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். தொண்டையில் வந்த கிருமியை அடிக்கப் போன உடம்பு, கிருமி என்று நினைத்து என் வால்வையும் அடித்துவிட்டதாம். அந்தத் தழும்பு முப்பது வருடமாக இறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

"சரி டாக்டர், குரலுக்கு என்ன?" இதைத்தான் நான் கேட்கப் போனது.

அதற்கும் படம் போட்டார். மூளையிலிருந்து தொண்டைக்கு வருகிற நரம்பு நேர்வழியில் வருவதில்லை. இடப்பக்க நரம்பு தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்குகிறது. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய்க்குக் கீழாகப் போய், சுற்றிக்கொண்டு, வந்த வழியே மறுபடி மேலேறித் தொண்டைக்குப் போகிறது. எனக்குக் கதவு அடைத்ததால் ரத்தம் மேல் அறையில் தேங்கி, அறை ஊதி, மேலே இருக்கிற நுரையீரல் குழாயைத் தள்ளி, அந்தக் குழாய்க்கும் பெரிய குழாய்க்கும் நடுவே நரம்பு நசுங்கிக் கிடக்கிறது.

"ஏன் டாக்டர் அவ்வளவு தூரம் சுத்திப் போவுது? நேரா போனா என்ன?"

சிரித்தார். "வயித்துல கருவா இருக்கையில இதயம் கழுத்துக்குப் பக்கத்துலதாம்மா இருக்கும். அப்புறம் நெஞ்சுக்கு இறங்கும். இறங்கையில அந்த நரம்பையும் சேத்து இழுத்துட்டு வந்துருது."

வீடு வரும்வரை ஷேர் ஆட்டோவில் கழுத்தைத் தொட்டுக்கொண்டே வந்தேன். என் இதயம் ஒரு காலத்தில் இங்கே இருந்திருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

எடை 56. படி 18. தலையணை 3. புது வருஷ விடுமுறை, ஆனால் துறையில் கூட்டம். இன்று நடுராத்திரியிலிருந்து தடைக்காலம். மீன் முட்டை போடுகிற இரண்டு மாதம் லாஞ்சு எதுவும் கடலுக்குப் போகாது.

கடைசி ஏலம் தாஸ் விட்டான். நான் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

எட்டியப்பன் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"பிலோமினா, உன் வாய நம்பித்தான் என் லாஞ்சு மூணும் இந்தத் துறையில கட்டுது. அத நான் மறக்கல. ஆனா மீனு காத்துகினு இருக்காதே. தடை முடிஞ்சி மொத லோடு வர சொல்ல உன் குரலு இருந்தா நீ. இல்லாங்காட்டி தாஸு. அப்பால என்கிட்ட வருத்தப்படக் கூடாது."

சரி என்று தலையை ஆட்டினேன். பேசினால் காற்றுதான் வரும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மாதா கோவிலில் கூட்டம். எல்லோரும் பாடினார்கள், நான் வாயசைத்தேன்.

பலூன் வைத்து வால்வைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம். தொடை வழியாகப் போவார்கள். ஆனால் முதலில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு, மேல் அறையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேங்கின ரத்தம் உறையும். உறைந்த கட்டி இருந்தால் பலூன் கிடையாது. கட்டி கிளம்பி மூளைக்குப் போய்விடும்.

சூசையிடம் (வீட்டுக்காரர், ஹார்பரில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார்) சொன்னேன். பிரியாணியில் இருந்த கையை எடுக்காமலேயே கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணியும் ஆவாது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. வேற இன்னா சொல்றது நானு?"

பாதி சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். பிரியாணியை வீணாக்குகிற ஆள் இல்லை அவர்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 28

ஆஸ்பத்திரி. படுக்கை எண் 9. மேலே மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது.

கொண்டுவந்தவை: நைட்டி 2, சீப்பு, ஜெபமாலை, சார்ஜர், இந்த நோட்டு.

குழாய் விழுங்கியாயிற்று. மரத்துப்போகிற மருந்தைத் தொண்டையில் அடித்தும் குமட்டல். உணவுக்குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் போகிறதாம். அங்கிருந்து பார்த்தால் மேல் அறை பக்கத்து வீட்டு ஜன்னல் மாதிரி தெரியும். டாக்டரம்மா திரையை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு மூலையை மறுபடி மறுபடி. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுத்தமா இருக்கு. கட்டி இல்ல. நாளைக்குப் பண்ணிரலாம்."

வாயில் குழாய் இருந்ததால் அழத்தான் முடிந்தது.

ஏப்ரல் 30, புதன்

நேற்று எழுத முடியவில்லை. காலை நீட்டி ஆறு மணி நேரம் அசையாமல் கிட என்றார்கள். இப்போது முழுவதும் எழுதப் போகிறேன்.

மயக்க மருந்து இல்லை. தொடை இடுக்கில் மட்டும் ஊசி. ஏசி அறை, குளிர். தலைக்கு மேல் பெரிய படக்கருவி, பக்கத்தில் திரை. "பாக்கணும்னா பாருங்க, வேணாம்னா கண்ண மூடிக்குங்க" என்றார். பார்த்தேன். பதினெட்டு வருடமாக மீனின் வயிற்றையும் செவுளையும் பார்த்துத்தான் விலை சொல்கிறேன். என்னுடையதைப் பார்க்க மாட்டேனா.

தொடையில் இருக்கிற ரத்தக்குழாய் ஒரே வழியாக இதயத்தின் வலது மேல் அறை வரை போகிறது. அதற்குள் கம்பியை விட்டார்கள். வயிற்றுக்குள் போவது எதுவும் தெரியவில்லை. திரையில் மட்டும் ஒரு கறுப்பு நூல் ஏறிக்கொண்டே வந்தது. வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவே சுவர். அதில் ஊசியால் துளை போட்டார். "உள்ள வந்தாச்சு" என்றார். இடது மேல் அறையின் அழுத்தத்தை ஒருவர் வாசித்தார்: இருபத்தெட்டு. பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டியதாம்.

அப்புறம் பலூன். அடைபட்ட கதவுக்குள் அதை நுழைத்தார்கள்.

"பிலோமினா, இப்ப ஊதப் போறேன். ஒரு நிமிஷம் தலை சுத்தும். பயப்படாதீங்க."

திரையில் பலூன் உப்பியது. கீழே உப்பியது, மேலே உப்பியது, நடுவில் இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரி நின்றது. அந்த இடுப்பைப் பிடித்திருப்பதுதான் என் வால்வு. முப்பது வருடப் பிடி. நெஞ்சு படபடத்து, கண் இருட்டியது. இருட்டுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். இடுப்பு சட்டென்று காணாமல் போனது. உடுக்கை பீப்பாய் ஆயிற்று.

பலூனைச் சுருக்கினார்கள். ஒரு துடிப்பு. இன்னொன்று.

அப்போது மூச்சு இழுத்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. எப்படிச் சொல்வது. வருடக்கணக்கில் என் மூச்சு தொண்டைக் குழியோடு திரும்பிவிடும். அது வழக்கம் என்றே நினைத்திருந்தேன். நேற்று அது விலா எலும்பைத் தாண்டி, அடி வரை போயிற்று. இன்னும் இடம் இருந்தது.

அழுத்தம் வாசிக்கிறவர் சொன்னார்: "பதினொண்ணு மேடம்."

"மறுபடி பாருங்க."

"பதினொண்ணுதான்."

டாக்டரம்மா முகமூடிக்கு மேலே கண் சுருங்கச் சிரித்தார். என் தோளில் தட்டினார். "நல்லாத் திறந்திருக்கு. இனிமே ரத்தம் தன்னால இறங்கும்."

வார்டுக்கு வந்ததும் சூசை கேட்டார், "இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல," என்றேன். உண்மை. முதல்முறையாக எதுவும் பண்ணவில்லை.

தலையணை: 0. மல்லாந்து, தட்டையாகத் தூங்கினேன். நடுவில் நர்ஸ் வந்து உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு தூக்கமாம்.

மே 6

எடை 53.5. தலையணை 1 (ஆசைக்கு).

எங்கள் ஹவுசிங் போர்டு வீடு மூன்றாவது மாடி. படி 54. இன்றைக்கு ஒரே ஏற்றம். நிற்கவில்லை. மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தேன், யாராவது பார்த்தார்களா என்று. யாரும் இல்லை. மறுபடி இறங்கி மறுபடி ஏறினேன்.

இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்தார். "இன்னாம்மா, எதனா தொலைச்சிட்டியா?"

குரல் அப்படியே இருக்கிறது. காற்று. இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

மே 9

எடை 53.5.

பொழுது போகாமல் கணக்குப் போட்டேன். முன்பு நாடி நிமிஷத்துக்கு 96. இப்போது 72. ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். அப்போது 1,38,240 துடிப்பு. இப்போது 1,03,680. தினமும் 34,560 துடிப்பு மிச்சம். பாவம், அத்தனையும் எனக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நாள் லீவு கேட்டதில்லை.

பென்சிலின் ஊசி, 21 நாளுக்கு ஒருமுறை. தொண்டைக் கிருமி திரும்ப வந்து வால்வைத் தொடாமல் இருக்க. இடுப்பில் கடப்பாரையை இறக்கின மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.

மே 17

குரல் இல்லை.

பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் சொல்லிக்கொடுத்தது: சுவரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு "ஆ". தினமும் மூன்று வேளை. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்". தண்ணீர் நிறைய. காரக்கருவாடு வேண்டாம்.

காரக்கருவாடு வேண்டாமா. சரி.

"வந்துருமா?" என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவரும் நேராகவே சொன்னார். "நரம்பு மேல இருந்த அழுத்தம் போயிருச்சு. எத்தனை நாள் நசுங்கிக் கிடந்துச்சுன்னு தெரியாது. சிலருக்கு வரும். சிலருக்கு வராது. பொய் சொல்ல மாட்டேன்."

அவர்மேல் மரியாதை கூடியது. வீட்டுக்கு வந்து சுவரைத் தள்ளினேன். சுவர் அசையவில்லை, நாணும் அசையவில்லை.

மே 27, செவ்வாய்

மூக்குக்குழாய் மறுபடி. "ஈன்னு சொல்லுங்க." சொன்னேன். "இன்னொரு தடவை." சொன்னேன். குழாய் பிடித்திருந்தவர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் திரையைத் திருப்பினார்.

இடது நாண் துடித்தது. நடுவுக்கு வரவில்லை. ஆனால் துடித்தது. கரையில் போட்ட மீனை உயிர் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு முறை வாயைத் திறக்குமே, அந்த மாதிரி.

குமாரியிடம் போனில் சொன்னேன். அப்புறம், "நீ பேசுனது இன்னான்னு வெளங்குச்சுமே. போன மாசம் வெளங்கல," என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

எடை 54. (கூடியது நீர் இல்லை, சாப்பாடு. டாக்டரம்மா உறுதி சொன்னார்.)

இன்றைக்கு நடந்தது.

காலையில் மழைத் தூறல், எண்ணூர் பக்கம் கறுப்பு. சூசைக்கு ஞாயிறு டியூட்டி. டிபன் டப்பாவை மேசைமேல் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். மூன்றாம் மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தேன். பைக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தார். இத்தனை மாதமாக அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் கம்பியைத் தட்டுவேன். இன்றைக்கு கரண்டி கையில் இல்லை.

"ஏங்க!"

அது வெளியே வந்தது. கொஞ்சம் உடைந்து, கொஞ்சம் ஆண்குரல் மாதிரி. ஆனால் குரல். மாடி தாண்டி, மாமரம் தாண்டி, கீழே போயிற்று. குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பினார்கள். சூசை திரும்பினார். பைக்கை விட்டுவிட்டார். அது அப்படியே சுவரில் சாய்ந்தது.

அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தபா கூப்டு."

"ஏங்க, டப்பா."

"இன்னொரு தபா."

டப்பாவை வாங்க மேலே வந்தவர் வாங்காமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார். மழை பெய்கிறது, என்ன தூசி. டியூட்டிக்கு அரை மணி லேட்.

நான் மதியம் வரை வீட்டில் தனியாகப் பேசினேன். பாத்திரத்திடம், பல்லியிடம். ஒவ்வொரு மீன் பெயராகச் சொல்லிப் பார்த்தேன். வஞ்சரம். வவ்வால். பாறை. சீலா. கிழங்கான். "வஞ்சரம்" என்பதில் நடுவில் நிற்கிறது. பயிற்சி வேண்டும்.

ஜூன் 14

நடுராத்திரி தடை முடிகிறது. துறை முழுக்க ஐஸ், டீசல் வாடை. லாஞ்சுகளுக்கு மாலை, எலுமிச்சம்பழம்.

எட்டியப்பனைப் பார்க்கப் போனேன். வலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மொத லோடு நான் கூறட்டா?"

தலையைத் தூக்கினார். குரலைக் கேட்டுவிட்டு வலையைக் கீழே வைத்தார். ஆனால் வியாபாரி மூளை. "பத்தடி தள்ளி நிக்கிற எனக்கு கேக்குது. ஏலத்துல நூறு பேரு சத்தம் போடுவானுங்க, ஐஸ் மிசினு ஓடும். அதுல நிக்குமா?"

"தெரியல. ரெண்டு கூறு குடுங்க. நிக்கலன்னா தாஸு முடிக்கட்டும்."

யோசித்தார். "ரெண்டு கூறு," என்றார்.

டாக்டரம்மாவிடம் போனில் அனுமதி. "கத்தலாம். தொண்டையில இருந்து கத்தாதீங்க, வயித்துல இருந்து கத்துங்க. இப்பதான் அங்க மூச்சு இருக்கே."

ஜூன் 21, சனி

எடை பார்க்கவில்லை. தராசில் மீன்.

விடிகிற நேரம், கிழக்கே வெளுப்பு. எட்டியப்பனின் முதல் லாஞ்சு வந்து கட்டியது. ஆறு நாள் கடல். வஞ்சரம், ஒவ்வொன்றும் கை நீளம், கண் கலங்காதது. சங்கரா தனி. கூறு கட்டினார்கள். இரண்டு மாதமாகக் காத்திருந்த கூட்டம், கேரளா வண்டிக்காரர்கள் உள்பட. மேடையில் இடம் இல்லை. ஐஸ் மிஷின் அரைக்கிறது. அந்தப் பக்கம் தாஸ் ஸ்பீக்கரோடு பக்கத்துத் துறையின் மீனைக் கூறிக்கொண்டிருந்தான். தகர டப்பா சத்தம்.

ஏறி நின்றேன். வயிறு வரை மூச்சு இழுத்தேன். போயிற்று, அடி வரை.

முதல் கூறு. ஆரம்பித்த வேகத்தில் முதல் வார்த்தை உடைந்தது. யாரோ "ஹோ" என்றான். குமாரி அவனைப் பார்த்த பார்வையில் அவன் அடங்கினான். நிறுத்தினேன். எச்சில் விழுங்கினேன். மறுபடி, கீழிருந்து. வந்தது. இரண்டாவது விலை, மூன்றாவது விலை. முன்னால் நின்ற கேரளாக்காரர் காதோரம் குவித்து வைத்திருந்த கையை எடுத்தார். பின்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். பின்வரிசைக்குக் கேட்டிருக்கிறது. ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்.

இரண்டாவது கூறு. குரல் சூடேறிவிட்டது. பழைய குரல் இல்லை இது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கனம். ஆனால் எடுபடுகிறது. ஐஸ் மிஷினுக்கு மேலே ஏறி நிற்கிறது. நெஞ்சு துடிக்கிறது, நன்றாகத் துடிக்கிறது, அது அதன் வேலையைச் செய்கிறது என்று எனக்கே தெரிகிறது. கூறிக்கொண்டே நினைத்தேன்: அந்த நரம்பு வழியே குரல் கீழே போய், சுற்றி, மேலே ஏறி வருகிறது.

இரண்டு முடிந்தது. எட்டியப்பனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது கூறைக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று. நான்கு. பதினோராவது கூறு வரை நானே.

முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு லாஞ்சு எங்கள் துறையில் வந்து கட்டியது. எட்டியப்பனுடையது இல்லை. பச்சை பெயிண்ட், புதிது. ஓனரை எனக்கு முகம் மட்டும்தான் தெரியும். வழக்கமாகப் பக்கத்துத் துறையில் கட்டுகிறவர். கயிற்றை வீசிவிட்டுக் குதித்தார். நேராக என்னிடம் வந்தார்.

"நீதானம்மா இப்ப கூறிகினு இருந்தது?"

"ஆமா."

"எஞ்சின அடக்கிகினு உள்ள வர்றேன், உன் குரலு கேட்டுச்சு. அந்தாண்ட கட்டத்தான் போனேன். இப்பிடித் திருப்புடான்னேன்." பின்னால் திரும்பி ஆட்களுக்குக் கையைக் காட்டினார். "எறக்குங்கப்பா. அம்மா கூறட்டும்."

இறக்குகிறார்கள். பாறையும் சீலாவும். போகிறேன்.